புத்தகத்தை நாலாக வெட்டிய பைண்டர்

வில்லியனூர்ப் பக்கத்துச் செங்கல் சூளையை விட்டுத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். கால் வெந்து புண்ணாகிவிட்டது, மேஸ்திரி போகச் சொன்னார், கிளம்பிவிட்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது, அன்று மத்தியானம் பாகூர் ஏரிக்கரையில் நான் பார்த்த மனிதரைப் பற்றி. இந்தப் பூமியில் புத்தகத்தை அவரைப் போலக் கும்பிட்டவரும் கிடையாது, அவரைப் போல வெட்டியவரும் கிடையாது.

குடிசை வாசலில் அரிவாள்மணை முன்னால் குந்தியிருந்தார். மீன் நறுக்குகிறார், கேட்டால் ஒரு துண்டு கிடைக்கும் என்று நெருங்கினேன். கையில் இருந்தது தடியான ஒரு துப்பறியும் கதை. அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு அதன் முதுகை அரிவாளில் வைத்து ஒரே அழுத்து. கறக்!

நான் அஞ்சாவதோடு நின்றவன்தான். ஆனாலும் காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கும்பிடும்படி வளர்ந்தவன். அலறிவிட்டேன்.

"யோவ்! இன்னாயா பண்ற?"

"பாத்தா தெரியல? நூலகம் நடத்தறேன்" என்றார், தலையைத் தூக்காமல். "கத்தாத தம்பி. நாலும் சமமா வரணும்."

இரண்டாம் தடவை கண்ணில் ஒற்றினார். கறக்! எழுந்து ஓடியிருப்பேன்; பசி விடவில்லை.

கஞ்சி ஊற்றினார், கருவாடு சுட்டார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஊரில் அவருக்குப் பைண்டர் என்றுதான் பெயர். கப்பலேறிப் போய், சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தின் புத்தகங்களுக்கு அட்டை போட்டுவிட்டுத் திரும்பியவர். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்களை இந்தியாவோடு சேர்க்கும் ஒப்பந்தம் முழுசாக முடியவில்லை. நாம் இப்போது எந்த நாடு என்று கேட்டால் வக்கீல்களே தலையைச் சொறிந்தார்கள். அந்தக் குழப்பத்துக்கு நடுவே, நான்கு ஊர்ப் படிப்பகங்களைச் சேர்த்து ஒரே சங்கமாக்கி வைத்திருந்தார் இவர். ஒன்று பாகூர். ஒன்று கடலோரக் குப்பம். ஒன்று கரும்பூர் என்று நான் சொல்லப்போகும் ஊர். நிஜப் பெயரைச் சொன்னால் வாரிசுகள் சண்டைக்கு வருவார்கள். நான்காவது, எல்லைக்கு அந்தப் பக்கம், தென்னாற்காடு ஜில்லாவில்.

தனியாக எந்த ஊருக்கும் ஒரு செய்தித்தாளுக்கு மேல் வாங்க வக்கில்லை. சேர்ந்து வாங்கினார்கள். வாங்கியதை நாலாக வெட்டி, சிமெண்டுப் பைக் காகிதத்தில் அட்டை போட்டு, ஊருக்கு ஒரு பாகம். சந்தைக்குச் சந்தை பாகங்கள் ஊர் மாறும்.

"முழுசா குடுத்தா எவனாவது ஒருத்தன் வூட்டுப் பரண்ல ஏறிப் படுத்துக்கும். கால் பொஸ்தகத்த எவன்டா ஒளிச்சு வெப்பான்?"

புதுப் புத்தகம் வந்தால் முதல் பாகம் முதலில் பாகூருக்கு, கடைசிப் பாகம் முதலில் கரும்பூருக்கு; சுற்று முடிந்ததும் அவை அங்கேயே திரும்பித் தங்கும் என்பது நிரந்தர ஏற்பாடு. அதனால் கரும்பூர்க்காரர்கள் எந்தக் கதையையும் கடைசியிலிருந்து தொடங்கினார்கள். கொலைகாரனைப் புதுப் புத்தகம் வந்த அன்றே பிடித்துவிடுவார்கள். செத்தது யார் என்று தெரிய மூன்று சந்தை காத்திருக்க வேண்டும். வைத்திய நூலை வெட்டியபோது நோயெல்லாம் பாகூரிலும் மருந்தெல்லாம் கரும்பூரிலும் மாட்டிக்கொண்டன. ஒருவர் வயிற்று வலியோடு மருந்தைத் தேடி அங்கே நடந்தார். நடந்ததில் வலி போய்விட்டது. சங்கத்தால்தான் குணமானது என்று பைண்டர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கரும்பூரில் சங்கக் கூட்டம். வெட்டிய பாகங்களை மூட்டையாகக் கட்டி என் தலையில் ஏற்றினார். வழியெல்லாம் பிரசங்கம்.

"பிரான்சுல எல்லாம் மேலேருந்து வரும். பாரீசுல ஒருத்தன் தலையாட்டினாதான் சைகோன்ல அலமாரி தொறக்கும். இங்கிலீஷ்காரன் வேற மாதிரி. ஊருக்கு ஊர் கமிட்டி. இஷ்டம் இருந்தா பக்கத்து ஊருக்குக் கடன் குடுப்பான், இல்லன்னா மாட்டான். எல்லைக்கு அந்தாண்ட நம்மாளு வீட்டு வரியோட நூலக வரியும் கட்டறான், ஜில்லாவுல கமிட்டி."

"நம்மள்து?"

"நம்மள்து அரிவாள்மணை."

கூட்டம், வெல்லம் காய்ச்சும் ஆலைக்காரர் ஒருவரின் கொட்டகையில். அவர்தான் கரும்பூர்ப் படிப்பகத்துக்குத் தலைவர். கண்ணாடி அலமாரி வாங்கிக் கொடுத்தவர். குப்பத்துக்காகப் பாக்கியம் அக்கா வந்திருந்தார். மீன் விற்பவர், எழுத்துத் தெரியாது. புருஷனை வாசிக்கச் சொல்லிக் கேட்டு ஒரு வரி விடாமல் ஞாபகம் வைத்திருப்பார். கதை எப்படிப் போகும் என்று ஒவ்வொரு சந்தையிலும் ஆலைக்காரரோடு சண்டை போடுவார். எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு வாத்தியார்.

ஆலைக்காரர் நேராக விஷயத்துக்கு வந்தார். "அலமாரி எங்க ஊர்து. எங்களுக்கு ரெண்டு ஓட்டு வேணும்."

"அலமாரிக்கு ஓட்டு குடுத்தா, என் மீன் கூடைக்கும் ஒண்ணு குடு" என்றார் பாக்கியம் அக்கா.

"அப்ப நாங்க சங்கத்துல இல்ல. எங்க பாகத்த எடுத்துக்கினு போறோம்."

எல்லாப் புத்தகத்தின் கடைசிப் பாகமும் அவரிடம். அவர் போனால் மற்ற மூன்று ஊரிலும் இருப்பது அத்தனையும் முடிவில்லாத காகிதம். வெட்டியதை எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது.

வாத்தியார் பைண்டரைப் பார்த்தார். "இதுக்கு விதி ஏதாவது உண்டா?"

"மொத கூட்டத்துலயே சொன்னேன். எல்லாரும் தலையாட்டினீங்க. எவனும் காதுல வாங்கல" என்றார் பைண்டர். "பிரிஞ்சி போறவருக்கு எல்லாம் சொந்தம். நாலு பாகமும்."

"யோவ், பைத்தியமா நீ?" என்று எழுந்தே விட்டார் பாக்கியம் அக்கா. "போறவன் கையில குடுத்துட்டு நாங்க இன்னாத்த படிக்கறது?"

"புதுசா வாங்குவோம். சைகோன்ல வெள்ளைக்காரன் கெளம்பறப்ப பங்கு பிரிச்சாங்க. அகராதியில ஒரு பாதி கப்பல் ஏறிச்சு, ஒரு பாதி அங்கயே நின்னுச்சு. ரெண்டும் எவனுக்கும் ஒதவல. வெட்டினது நான். வெட்டினபடியே வுட்டா என் கை வெளங்காது."

சொன்னதோடு நிற்கவில்லை. நான் சுமந்து வந்த புதுக் கதையையும் சேர்த்து, ஒவ்வொரு கட்டாகக் கண்ணில் ஒற்றி ஆலைக்காரரின் மாட்டு வண்டியில் ஏற்றினார். மற்ற ஊர்ப் பாகங்களையும் ஒவ்வொரு படிப்பகத்திலிருந்தும் சைக்கிளில் ஆள் அனுப்பி முன்னிரவுக்குள் வரவழைத்தார். ஆலைக்காரரே வாயைத் திறந்தபடி நின்றார். ஜெயித்தவன் அப்படித் திகைத்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் கேட்டேன், "வருத்தமா இல்லியா?"

"வெட்டும்போதே பட்டாச்சு" என்றார். காலி மூட்டைத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

விடிந்ததும் வாசலில் மாட்டு மணிச் சத்தம். அதே வண்டி, அதே கட்டுகள். மேலே ஆலைக்காரர், கண் சிவந்து.

"அந்தக் குப்பத்து அம்மா எங்க?"

"யாவாரத்துக்குப் போயிருக்கும். இன்னா சேதி?"

"புதுக் கதைய ராத்திரி வூட்ல எல்லாரும் உக்காந்து முழுசா படிச்சோம்பா. முடிஞ்சி போச்சு."

"சரி."

"இன்னா சரி? முடிஞ்சி போச்சுங்கறேன்! சந்தைல அந்தம்மாவாண்ட எதைச் சொல்லி சண்ட போடறது? எனக்கு ஒரு ஓட்டு போதும். ஆனா மொத பாகம் எங்க ஊருக்கு வேணும். செத்தவன் ஆருன்னு தெரியாம கொலைகாரன புடிச்சி புடிச்சி சலிச்சிப் போச்சு."

பைண்டர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "அத கூட்டத்துல சொல்லு. ஓட்டுக்கு வுடுவோம்."

கட்டுகளை இறக்கிவிட்டு வண்டி போன பிறகு என் காலைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார்.

"கால் எப்படி?"

"நடக்கும்."

குப்பத்துப் பாகங்களைக் கட்டி என் தலையில் வைத்தார். "கூலி, ரெண்டு வேளை கஞ்சி. வழியில படிக்காத, ஏரியில வுழுந்துடுவ."

முதல் இரண்டு பாகமும் தெரியாமல், மூன்றாம் பாகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேதான் போனேன். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலம் தாண்டாத நான், அவர் கண்ணை மூடும்வரை அந்த மூட்டையை இறக்கி வைக்கவில்லை.