என் ரத்தத்தில் ஓடிய சன்ஸ்கிரீன்

எதையும் பாதி படித்துவிட்டு முழுசாகப் பேசுகிறவர் ஏரியாவுக்கு ஒருவர் இருப்பார். பெங்களூரு ஆடுகோடியில் அந்தப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது.

பொம்மசந்திரா கம்பெனிக்கு தினமும் ஸ்கூட்டரில் போய் வந்ததில் என் முகம் இரண்டு நிறமாகியிருந்தது. (ஹெல்மெட் மறைத்த இடம் ஒரு நிறம், மூக்கு தனி நிறம்.) மனைவி ஸ்டெல்லா வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் வாங்கித் தந்தாள்; டியூபில் 'எஸ்பிஎஃப் 50+' என்று பெரிதாகப் போட்டிருந்தது. சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை போனில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. சில சன்ஸ்கிரீன்களில் உள்ள ரசாயனங்கள் தோல் வழியாக ரத்தத்தில் கலக்கின்றனவாம். அதோடு மூடிவிட்டேன். (டீ ஆறிக்கொண்டிருந்தது.)

அன்றைக்கென்று கம்பெனியில் ரத்ததான முகாம். என் முறை வந்ததும் மனசாட்சி உறுத்தியது.

"மேடம், என் ரத்தத்துல சன்ஸ்கிரீன் இருக்கு. பாவம், யாருக்காவது ஏத்திடப் போறீங்க" என்றேன் டாக்டரம்மாவிடம். ரகசியமாகத்தான் சொன்னேன். ஆனால் மெஷின் சத்தத்தில் பேசிப் பழகிய குரல்.

பின்னால் நின்ற பேக்கிங் செக்‌ஷன் மேரி, "அய்ய, நானுந்தான் பூசிக்கினு வரேன்" என்று வரிசையைவிட்டு விலகினாள். கிரீம் போட்டவர்கள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்ற செய்தி, கேன்டீனை எட்டியபோது தலைக்கு எண்ணெய் வைத்தவர்களும் கூடாது என்று வளர்ந்திருந்தது. வரிசையில் மிஞ்சியவர் வாட்ச்மேன் ராஜண்ணா மட்டும். (அன்று அவர் குளிக்கவே இல்லையாம்.)

டாக்டரம்மா நாற்காலிமேல் ஏறி நின்றார். "கொஞ்சம் கேளுங்க. சில கெமிக்கல் ரத்தத்துக்குப் போறது நிஜந்தான். அதனால கெடுதல்னு இதுவரைக்கும் நிரூபணம் ஆகல, இன்னும் ஆராய்ச்சி பண்றாங்க. வெயில்ல போறவங்க பூசறத நிறுத்த வேணாம். ரத்தமும் தாராளமா குடுக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "சார், கடைசிவரைக்கும் படிக்கலியா?" என்றார்.

"மொதல்ல நீங்களே படுங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றார் மேனேஜர், பல்லைக் கடித்துக்கொண்டு.

படுத்தேன். மொத்தக் கம்பெனியும் கட்டிலைச் சுற்றி நின்றது. ஊசியைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். (குத்தவே இல்லை.) "பாத்தியா, கிரீம் வேலைய காட்டுது" என்று மேரி சொன்னது மட்டும் காதில் விழுந்தது. டாக்டரம்மா மறுபடியும் நாற்காலிமேல் ஏற வேண்டியிருந்ததாம்.

போன மாதம் யாருக்கோ ரத்தம் தேவைப்பட்டு, மச்சான் என் ரத்த வகையைக் கேட்டு போன் செய்தார். ஸ்டெல்லா போனைப் பிடுங்கி, "அண்ணா, இவரு எஸ்பிஎஃப் அம்பது பிளஸ். வேற ஆளப் பாரு" என்றாள்.

இப்போது சொந்தக்காரர்கள் மத்தியில் என் பெயரே 'அம்பது பிளஸ்'தான். புதிதாகப் பார்ப்பவர்கள், வயதுக்கு நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறார்கள். எனக்கு நாற்பத்திரண்டு.