ஷெரினின் ‘ம்ம்’

பொறாமைப்படுகிறவர்கள் அடுத்தவரின் நகை, வீடு, மாப்பிள்ளை என்று ஏதாவது உருப்படியான ஒன்றின் மீது படுவார்கள். நான் பட்டது ஒரு ‘ம்ம்’ மீது.

கல்லூரியில் கவுன்சலிங் படித்த காலம். என் வகுப்பில் ஷெரின் என்று ஒருத்தி. எதிரே இருப்பவரைப் பார்த்து மெல்ல ‘ம்ம்’ என்பாள். அவ்வளவுதான், அவர் இரண்டாம் வகுப்பில் பென்சில் திருடியது வரை சொல்லிவிடுவார். நானும் கண்ணாடி முன் நின்று வாரக்கணக்கில் பழகினேன். என்னுடையது தொண்டையில் மீன்முள் சிக்கியது போலவே வந்தது. (ஒருமுறை அம்மா நிஜமாகவே சோற்று உருண்டையோடு ஓடி வந்தாள்.)

செய்முறைத் தேர்வுக்கு ஓர் உரையாடலைப் பதிவுசெய்து தரவேண்டும். ஒருவர் ஆலோசகர், ஒருவர் கிளையண்ட், மூன்றாமவர் அப்சர்வர். அப்சர்வர் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம், வாய் திறக்கக் கூடாது. சொந்தக்காரர்களைக் கிளையண்டாக வைக்கவும் கூடாது. அதனால் நானும் ஷெரினும் அம்மாக்களை மாற்றிக்கொண்டோம்.

முதலில் என் முறை. ஷெரினின் அம்மா தனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்பதையே இருபது நிமிடம் விதவிதமாகச் சொன்னார். கடைசியில் என்மேல் இரக்கப்பட்டு மத்தி மீன் பொரிக்கும் பக்குவத்தை விளக்கினார். அதைத்தான் தேர்வுக்குக் கொடுத்தேன்.

மறுநாள் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு. அம்மாவுக்குச் சுக்கு கோடவுனில் தரம் பிரிக்கிற வேலை, நாளெல்லாம் தூசி. சில மாதங்களாக அவளுக்கு இருமல், முகமும் வாடியிருந்தது. நான் எத்தனை கேட்டும் ‘ஒண்ணுமில்ல’ என்பதைத் தாண்டி ஒரு சொல் வரவில்லை. அது எனக்குப் பெரிய கவலை. (ஷெரினிடமும் அதையே சொல்லட்டும் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே.)

நான் அப்சர்வராக மூலையில். அம்மா ஷெரினுக்குச் சாயா கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஷெரின் ‘ம்ம்’ என்றாள்.

“கோடவுன் பொடி சகிக்க முடியல மோளே. வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். ஆனா பதினாறு வயசுலேருந்து போறேன். போகாட்டி பகல்ல என்ன செய்யறதுன்னே தெரியாது. அதான் பயமா இருக்கு.”

மோளே என்றால் மகளே. என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ‘ஏய்’தான். எனக்கு வயிறு எரிந்தது. “ஆலோசகர் தேவைக்கு மேல் தலையாட்டுகிறார்” என்று எழுதி அடிக்கோடிட்டேன். அதன்பிறகு பொறுக்க முடியவில்லை.

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

ஷெரின் என்னைப் பார்த்தாள். அம்மா பார்க்கவே இல்லை. ஷெரினிடமே சொன்னாள்: “இவகிட்ட எங்க சொல்ல? இருமினா, ‘அந்த இருமல் உங்களுக்கு என்ன உணர்வத் தருது’ன்னு நோட்டோட வந்து நிக்கிறா. கொழம்புல உப்பு கூடினா மன அழுத்தம்ங்கிறா. ‘அம்மா, கொஞ்சம் கசாயம் போட்டுத் தரட்டுமா’ன்னு ஒரு நாளு கேட்டதில்ல.”

ஷெரின் இந்த முறை என் பக்கம் திரும்பி ‘ம்ம்’ என்றாள்.

நான் அழ ஆரம்பித்தேன். அவளுடைய ‘ம்ம்’ மீது பட்ட பொறாமை, கண்ணாடி, மத்தி மீன், என்னை ஏன் மோளே என்பதில்லை என்ற கேள்வி, எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா எழுந்து இன்னொரு சாயா போட்டு வந்து என் கையில் கொடுத்தாள். பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அம்மாவின் சம்மதத்தோடு அதை வகுப்பில் கேட்டார்கள். முடிந்ததும் ஆசிரியை, “இதில் கிளையண்ட் யார்?” என்று மட்டும் கேட்டார். எதிர்பாராமல் வந்த இரண்டாவது கிளையண்டைப் பதறாமல் கையாண்டதற்காக ஷெரினுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். அதற்கும் நான்தான் காரணம் என்பதை நினைத்து ஒரு வாரம் பொறாமைப்பட்டேன்.

அம்மா வேலையை விட்டுவிட்டாள். பகலில் என்ன செய்வது என்ற பயமும் தீர்ந்தது, என்னைக் கேலி செய்யவே பொழுது போதவில்லை. நான் இப்போது ஒரு பள்ளியில் ஆலோசகர். வீட்டில் எதற்காவது வாயைத் திறந்தால், “அப்சர்வர் பேசப்படாது” என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஷெரினுக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் பேசுகிறாள். நான் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேசி முடித்ததும் போனை என்னிடம் நீட்டுவாள்.

“இந்தா மோளே, அடுத்த கிளையண்ட் நீதான்.”

வாங்கிக்கொள்கிறேன். சொல்லவும் எனக்கு நிறைய இருக்கிறது.