பத்தொன்பதாம் கேள்விக்கு ஒரு சான்று

மார்சிலிங், சிங்கப்பூர்,
புதன்கிழமை, மதியம்.

அன்பு மருமகன் வெங்கடேஷுக்கு, தாய்மாமன் கோவிந்தசாமி ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை சந்திரமதியும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, அது தனியாக எழுத வேண்டிய விஷயம். அங்கு நீ நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவரை மாட்டிவிட்டவர்கள் பொதுவாக நலமாகவே இருக்கிறார்கள். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய் என்பதால், நல்ல கோடு போட்ட தாள் நாலு வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். முழுசாகப் படி.

போன மாதம் ஒரு பெட்டி அல்வாவோடு நீ வீட்டுக்கு வந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். உங்கள் திறந்த குரல் அறக்கட்டளை சிறு பத்திரிகைகள் யாருக்கும் பயப்படாமல் எழுதுவதற்கு மூன்று வருடமாக ஆதரவு தருகிறது, அது உருப்படியாக நடந்ததா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், வருவதாக இருந்த நிபுணர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார் என்றாய். "வெளியாளா இருக்கணும் மாமா. சுதந்திர மதிப்பீட்டாளர்" என்றாய். "டேய், நான் உன் அம்மாவோட கூடப்பிறந்தவன்டா" என்றேன். "நீங்க எங்க ஆபீஸ்ல வேலை பார்க்கலையே? அப்ப வெளியாள்தான்லா" என்றாய். இவ்வளவு தெளிவான விளக்கத்துக்குப் பிறகு மறுக்க நான் யார்? செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்து நாலு வருடம் தகடு தகடாகச் சோதித்தவன் நான். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் போதும், நல்ல தகடு கணீர் என்று சொல்லிவிடும், உள்ளே அரித்துப்போனது தொப்பென்று ஒலிக்கும். கப்பலையே பார்த்தவனுக்கு எட்டுப் பக்கப் பத்திரிகை எம்மாத்திரம் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

முதலில் உங்கள் படிவம். நாற்பத்திரண்டு பக்கம். நான் பரிசோதித்த எண்ணெய்க் கப்பலுக்கே ஆறு பக்கம்தான். ஏழாம் கேள்வி: திட்டத்துக்கு முன் ஆசிரியரின் அச்சம் எவ்வளவு, பின் எவ்வளவு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும். பதினோராம் கேள்வி இன்னும் அருமை: பயந்துபோய் வெளியிடாமல் விட்ட செய்திகளின் பட்டியலை இணைக்கவும், பட்டியல் இல்லையென்றால் ஏன் இல்லை என்று விளக்கவும். பத்தொன்பதாம் கேள்வியை எழுதியவருக்கு மாலை போட வேண்டும்: பத்திரிகைமீது அழுத்தம் தரப்பட்டதை மதிப்பீட்டாளர் நேரில் கண்டாரா, ஆம் எனில் அழுத்தம் தந்தவர் பெயர், பதவி, நடந்தது என்ன, சான்று இணைக்கவும். மிரட்டப் போகிறவன் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டா போவான்? மூன்று வாரமாக அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாகவே இருக்கிறது. அது காலியாக இருந்தால் அறிக்கையை ஏற்க மாட்டோம் என்று உங்கள் கணினி வேறு சிவப்பில் எழுதிக் காட்டுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், என் அறிக்கையைப் பார்த்துத்தான் 'தேக்கா வாசல்' பத்திரிகைக்கு அடுத்த இரண்டு வருட ஆதரவு உண்டா இல்லையா என்று முடிவு செய்வீர்கள் என்று நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்புகிறாய். ஞாபகம் இருக்கிறதப்பா.

அந்தப் பத்திரிகையின் தலைமை அலுவலகத்தை நீ பார்த்திருக்கிறாயா? தேக்கா மார்க்கெட் மாடியில் அப்துல் மஜீதின் தையற்கடை, அதற்குப் பின்னால் துணி பண்டல்களுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு கணினி, இரண்டு பெண்கள். ஆசிரியர் சாயிரா பானு இருபது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அடுத்தவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிச் சொல்லி முகமே அப்படி ஆகிவிட்டது. நிருபர் சரசு, ஐம்பத்தைந்து வயது, பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை எண்ணி ஏற்றி எண்ணி இறக்கியவர். இன்னும் எதைப் பார்த்தாலும் எண்ணுகிறார். நான் குடித்த தேத்தண்ணியைக்கூட எண்ணியிருப்பார். போன தீபாவளிக்கு இவர்கள் இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? மூன்று நாளில் தருகிறேன் என்று மஜீது தைக்க வாங்கிய ரவிக்கைகள் சராசரியாகப் பத்தொன்பது நாள் ஆகின்றன என்று கணக்கெடுத்து, மூன்றாம் பக்கத்தில் அவர் பெயரோடு போட்டார்கள். உட்கார இடம் கொடுத்த மனிதரின் பெயரோடு! நான் போய் மஜீதிடம் கேட்டேன், நீங்கள் ஏதாவது எதிர்நடவடிக்கை எடுத்தீர்களா என்று. "அதெல்லாம் இல்லண்ணே, பத்திரிகைச் சுதந்திரத்துக்கு நான் ரொம்ப சப்போர்ட்டு. அவங்க எழுதட்டும். ஃபேன் என்னோடது, அதை மட்டும் நிறுத்திட்டேன்" என்றார். நாலு மாதமாக இரண்டு பெண்களும் பழைய இதழால் விசிறிக்கொண்டு புது இதழ் தயாரிக்கிறார்கள். உங்கள் படிவத்தில் ஃபேனுக்குக் கட்டம் இல்லை.

இதையெல்லாம் உண்மை உண்மையாக எழுதி முதல் வரைவை அனுப்பினேன். உங்கள் தகவல் தொடர்பு அதிகாரி அனுப்ரியா அதைத் திருப்பி அனுப்பினாள் பார், திருத்தத்தின் சிவப்பில் என் எழுத்து எங்கே என்று தேட வேண்டியிருந்தது. 'இரண்டு முறை மிரட்டல் வந்தது' என்று அவர்கள் சொன்னதை எழுதியிருந்தேன். 'இரண்டு முறை ஆர்வமிக்க கருத்துகள் பெறப்பட்டன' என்று மாற்றியிருக்கிறாள். 'மின்விசிறி நிறுத்தப்பட்டது' என்பது 'காற்றோட்டம் மறுசீரமைக்கப்பட்டது' ஆகிவிட்டது. போன் போட்டுக் கேட்டேன். "அங்கிள், ரிப்போர்ட் பிரஸ் ஃப்ரீடம் பத்தினது இல்லையா, அதனாலதான் நாம என்ன சொல்றோம்னு ரொம்ப careful-ஆ இருக்கணும்" என்றாள். தங்கமான பெண், குரலில் அவ்வளவு மரியாதை. கையோடு இன்னொரு தாளும் அனுப்பினாள்: அறக்கட்டளையின் அனுமதி இல்லாமல் எந்தப் பத்திரிகையுடனும் பேச மாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பத்திரிகையை மதிப்பிடப் போகிறவன் பத்திரிகையோடு பேசக் கூடாது. போட்டேன். சுதந்திர மதிப்பீட்டாளர் இல்லையா, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவதுதானே சுதந்திரம்.

ஆனாலும் மருமகனே, போன திங்கட்கிழமைவரை இவர்களுக்கு நல்லபடியாகத்தான் எழுதுவதாக இருந்தேன். நேற்று என்ன நடந்தது கேள். இந்த வாரம் அச்சுக்குப் போகும் பக்கங்களை சாயிரா பானு என் முன்னால் வைத்தார். முதல் பக்கத்தில், பெரிதாக, ஒரு புகைப்படம். கீழே உணவங்காடியில் ஒரு மேசை. மேசைமேல் மடக்கிய நீலக் குடை, பக்கத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட். பக்கத்தில் கைத்தடியோடு ஒரு பெரியவர், சூடான சூப்புத் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார். படத்தின் கீழே, கொட்டை எழுத்தில், ஒரு வரி: 'குடை உட்கார்ந்திருக்கிறது, மனிதர் நிற்கிறார்.' உள்ளே சரசுவின் கணக்கு: இருபத்து மூன்று காலைகள், ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு அதே மேசையில் அதே குடை, உரியவர் வந்து உட்கார சராசரியாக ஒரு மணி பத்து நிமிடம், அதற்குள் இடமில்லாமல் திரும்பிப் போனவர்கள் நூற்றுப் பதினாறு பேர்.

இதுவா செய்தி? நான் கேட்கிறேன், இதுவா செய்தி? இந்த ஊரில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிக்காதவர் யார்? யாரோ ஒரு வயதான மனுஷன், பாவம், வடக்குக் கோடியிலிருந்து ரயில் மாறி வந்திருப்பார். மீனும் கீரையும் வாங்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆகத்தானே செய்யும்? அந்த மேசைக்கு நேர் மேலே ஃபேன் இருக்கிறது, தோசைக் கடையிலிருந்து பதினோரு எட்டுதான், முழங்கால் வலிக்காரனுக்கு அதைவிட்டால் வேறு மேசை கிடையாது. இந்த நியாயமெல்லாம் அந்தக் கட்டுரையில் ஒரு வரி உண்டா? ஒருபக்கச் சார்பு! பெயர் போடவில்லைதான், ஆனால் குடையில் அச்சடித்த எழுத்து பாதி தெரிகிறது, வேண்டியவர்கள் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், ஒரு மூத்த குடிமகனின் மானம் என்ன ஆவது? நான் வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பேசினால் அனுப்ரியாவிடம் போட்ட கையெழுத்து என்ன ஆகும்?

ஆகையால் என் முடிவு இது. 'பொதுநலன்' என்ற கட்டத்தில் ஒன்று. 'பொறுப்புணர்ச்சி'யில் ஒன்று. ஆதரவை நீட்டிக்கப் பரிந்துரைக்கவில்லை. அதற்கு முன் நீ ஒரு காரியம் செய். அறக்கட்டளையிலிருந்து பேசுவதாகச் சொல்லி சாயிரா அம்மாவுக்கு ஒரு போன் போடு. கட்டுரையை நிறுத்தச் சொல்ல வேண்டாம், நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை. அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொல், அதன்பிறகு அதற்கடுத்த மாதம். இரண்டு வருட ஆதரவு இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சும்மா காதில் போட்டுவை. இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமூக மன்றத்தில் 'பொது இடத்தில் பிறரையும் நினைப்போம்' என்ற தலைப்பில் நான் பேசுகிறேன், அத்தைகூடப் புதுப்புடவை எடுத்துவிட்டாள், நீ கட்டாயம் வர வேண்டும் என்பதையும் இதோடு தெரிவித்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை.

நீ நினைத்தது நடந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, சீக்கிரம் கல்யாணமும் செய்துகொண்டு, மாமன் சொல்லைத் தட்டாமல் நூறு வயது இருக்க எல்லாம் வல்ல முருகன் துணை நிற்பான்.

இப்படிக்கு,
உன் மாமா
கோ. கோவிந்தசாமி
(சுதந்திர மதிப்பீட்டாளர்)

பி.கு. வியாழன் காலை. நீ என்றைக்குச் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்திருக்கிறாய் என்று தோன்றியதால், தபாலில் போடாமல் நானே தேக்காவுக்குப் போனேன். அறிக்கையின் மதிப்பெண் பக்கம் சட்டைப்பையில். சாயிரா பானுவிடம் நேரடியாகவே கேட்டேன், அந்தக் கட்டுரை வேண்டாமே என்று. "அந்தக் குடை என்னோடது" என்றேன். "தெரியும்ணே, ரெண்டாவது நாளே தெரியும்" என்றார் சரசு. "தெரிஞ்சேதான் போட்டோம் ஐயா. பதில் கேக்கத்தான் பக்கத்தையும் காட்டுனோம், நீங்க ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டீங்க" என்றார் சாயிரா. நான் சட்டைப்பையைத் தட்டிக் காட்டி, இரண்டு வருட ஆதரவு இதற்குள் இருக்கிறது என்றேன். ஆமாம், என் வாயால் சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது. சாயிரா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் சாஸரில் சிந்தியது. "ஆதரவு போனா நாலு பக்கமா குறைச்சுப் போடுவோம் ஐயா. உங்களுக்காக இதை விட்டா, என் ரவிக்கையை மட்டும் ஏன் போட்டீங்கன்னு மஜீது பாய் கேப்பாருல்ல? நான் என்ன பதில் சொல்ல? நீங்க உங்க பதிலைச் சொல்லுங்க, ஒரு சொல் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். ஆனா பதில் போட்டா பேரும் போடுவோம்" என்றார். முப்பத்து நாலு வருடம் தட்டிப் பார்த்தவனுக்கு அந்தக் கணீர்ச் சத்தம் தெரியாதா? சொன்னேன்: 'முழங்கால் வலி எனக்குத்தான், குடைக்கு இல்லை. நின்றுகொண்டிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' சரசு எண்ணிப் பார்த்து, எட்டுச் சொல் என்றார்.

ஆகவே மேலே நான் கொடுத்த மதிப்பெண்ணையெல்லாம் அடித்துவிடு. எல்லாக் கட்டத்திலும் ஐந்து போட்டு அறிக்கையை அனுப்புகிறேன், ஆதரவை அவசியம் நீட்டிக்கவும், ஒரு ஃபேனும் சேர்த்துக் கொடுக்கவும். பத்தொன்பதாம் கேள்வியும் நிரம்பிவிட்டது. அழுத்தம் தந்தவர் பெயர்: கோவிந்தசாமி. பதவி: சுதந்திர மதிப்பீட்டாளர். நடந்தது: ஆசிரியர் மறுத்துவிட்டார். சான்று: இந்தக் கடிதம், இணைக்கப்பட்டுள்ளது. சனிக்கிழமை இதழில் என் முழுப்பெயர் வருகிறது, அங்கே ஒன்றும் செய்ய முடியாது, கேட்டுப் பார்த்துவிட்டேன். உங்கள் அறிக்கையில் மட்டும் அனுப்ரியா என் பெயரை எடுத்துவிட்டு 'ஆர்வமிக்க வாசகர் ஒருவர்' என்று மாற்றினாள் என்றால், நீ அவளோடு ரொம்பவும் சண்டை போட வேண்டாம்.