கண்ணாடியை இறக்கிய இருமல்

சேர்வராயன் மலையில் பிரபலங்களை அணுகத் தெரிந்த ஒரே மனிதர் இருமலண்ணன்தான். மற்றவர்கள் எல்லாம் மந்தை. ஏற்காடு ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடை வைத்துப் பார்த்துச் சலித்தவன் சொல்கிறேன். ஒரு நடிகர் காரை விட்டு இறங்கினால் போதும். அவர் வாயில் பஜ்ஜி இருக்கிறதா, தோளில் குழந்தை தூங்குகிறதா என்று எவனும் பார்ப்பதில்லை. கழுத்தில் கையைப் போட்டுப் போனை நீட்டுகிறான். எண்ணெயை எடுத்து ஊற்றலாம் போலிருக்கும்.

இருமலண்ணன் கிளியூர்க்காரர். கொஞ்சம் காப்பிக் காடு உண்டு. சாப்பிடுகிறவரைக் கூப்பிடக்கூடாது என்பது அவர் வீட்டு வளர்ப்பு. தள்ளி நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, லேசாக இருமுவார். நிமிர்ந்து பார்த்தால் பேசுவார். இல்லையென்றால் போய்விடுவார்.

கொரோனாவுக்குப் பிறகு இது எடுபடுமா? திரையில் ஊரையே தூக்கிப் போட்டு மிதிக்கும் ஒரு வில்லன், அண்ணனின் ஒரு இருமலுக்கு டீயை வைத்துவிட்டுக் காருக்குள் பாய்ந்தார். ஒரே ஒருவர்தான் எழுந்து கைகூப்பி, கட்டிப்பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டார். விசாரித்தால் சேலத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவராம்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தொலைங்களேண்ணா."

"சாப்புடறவங்களைக் கூப்புடலாமுங்களா? நொம்பத் தப்புங்க."

போன மழையில் அவர் மனைவி காட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து படுத்துவிட்டார். காப்பிப் பழம் பறிக்கும்போது ஒரே பாடகியின் பாட்டைத்தான் பாடுவார் அந்த அம்மா. படுத்ததிலிருந்து பாட்டும் இல்லை, சரியாகச் சோறும் இல்லை. அந்த நேரத்தில் அந்தப் பாடகியே ஏற்காடு வந்து என் கடை முன்னால் இறங்கினார். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்க அண்ணன் ஓடி வந்தார். அதற்குள் கூட்டம் மொய்த்துவிட்டது. பாடகி பஜ்ஜித் தட்டோடு காருக்குள் ஏறிவிட்டார்.

"இன்னிக்காச்சும் முட்டி மோதிப் போங்கண்ணா. படுத்திருக்கிறது உங்க பொண்டாட்டி."

"அதுக்காவ மேல போயி உழுவறதுங்களா?"

காருக்கு எதிர்ப்புறம் போய்த் தள்ளி நின்று செருப்பைக் கழற்றினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கார் கிளம்பியது. கண்ணாடி ஏறியது. அண்ணன் இருமினார்.

பாடுகிறவர்களுக்குத் தொண்டை என்றால் பயம். அத்தனை கூச்சலிலும் அந்தக் காது இருமலைத்தான் பிடித்தது. கண்ணாடி இறங்கியது.

"தொண்டைக்கு என்னங்க ஆச்சு? வெந்நீர் தரட்டுமா?"

"தொண்டை நல்லாருக்குதுங்க. நீங்க சாப்புட்டாச்சுங்களான்னு கேட்டனுங்க."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். விஷயத்தைக் கேட்டார். அண்ணன் வீட்டுக்குப் போட்டுக் கொடுத்த போனை வாங்கிப் பேசினார். ஸ்பீக்கரில் மனைவியின் குரல் சீறியது.

"யாரையாச்சும் புடிச்சுப் பேச வெக்காதீங்க. அவங்கதான்னா பாடச் சொல்லுங்க பாப்பம்."

பாடினார். என் கடை வாசலில், வாணலிப் புகையில் நின்று பாடினார். முண்டியடித்த கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

"சரி கண்ணு, நீதான். பாட்டு மேல ஏறறப்ப மூச்சு வாங்குது. மலைக் குளிரு, காதைக் கட்டிக்க" என்றது போன். பிறகு அடுத்த அடியை அந்த அம்மாவே எடுத்தார். நடுங்கிய குரல்தான். பாடகி கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார்.

அண்ணன் படம் எடுக்கவில்லை. கேட்டால், "அவங்க பாடிட்டிருந்தாங்கல்லங்க" என்கிறார்.

வியாபார நேரத்தில் நான் யாரையும் ஏறிட்டுப் பார்க்கிற ஆள் இல்லை. வெளியே அந்த இருமல் கேட்டால் மட்டும் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன்.