மருமகன் சொன்ன பெயர்

பதுளை,
21.03.1981.

குவைத்தில் இருக்கும் அன்பு மருமகன் றவூப் அவர்களுக்கு, மாமா மொஹிதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் மாமி பலீலாவும் ஹம்ஸியாவும் குழந்தையும் சுகமாக இருக்கிறோம். கடைசியில் சொன்னவர்தான் இப்போது வீட்டில் முதலாளி. உங்கள் சுகத்துக்கும் ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆண் என்றால் ஒரு பெயர், பெண் என்றால் ஒரு பெயர் என்று யோசித்து, அதைக் காகிதத்தில் எழுதாமல் உங்கள் வாயாலேயே கெசட் நாடாவில் பேசிப் பதிந்து, லீவில் வந்த பண்டாரவளை ஜௌபரிடம் கொடுத்தனுப்பினீர்களே, எந்த மருமகன் இப்படிச் செய்வார்? கெசட் புதன்கிழமை கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஏழாம் நாள், முடியிறக்கிப் பெயர் வைக்கப் பள்ளிவாசல் லெப்பைக்குச் சொல்லியாகிவிட்டது. இடையில் ஒரே ஒரு நாள். நீங்கள் அனுப்பிய ரெக்கோடரோ அந்த நேரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கும் பதினோரு வீட்டுக்கும் இந்த ஒழுங்கையில் அந்த ஒரு ரெக்கோடர்தான். கெசட் வந்தால் எல்லோரும் இங்கேதான் வருவார்கள், கேட்பார்கள், அழுவார்கள், தேநீர் குடித்துவிட்டு உங்களை வாழ்த்திவிட்டுப் போவார்கள். இரண்டு வருஷத் தூசி உள்ளே ஏறி, போன மாதம் எல்லா வீட்டுப் புருஷன்மாரும் பல்வலிக்காரர் மாதிரிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் கெசட் வருமுன் துப்புரவாக்கி வைப்போம் என்று நான்தான் பின்வீட்டு வீரசிங்கத்தைக் கூப்பிட்டேன். கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருஷம் மெஷின் பார்த்து ஓய்ந்த மனிதர். கரண்டைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, ஆணிகளை இனம் பிரித்து மாமியின் தேநீர்க் கோப்பைகளுக்கு அடியில் வைக்கும் ஐந்து பீரிசுகளில் போட்டார். எழுதி வைக்கத் தேவையில்லையா என்று கேட்டேன். "பீரிசு மாறாம இருந்தா எல்லாம் எடத்துக்குப் போயிரும் நானா" என்றார்.

பீரிசு மாறியது. குழந்தையைப் பார்க்க வந்த என் மூத்த சகோதரி ஸித்தி ஸுபைதா ராத்தாவுக்கு, வேறு பீரிசு இல்லாததால், மாமி அவசரத்தில் ஒன்றிலிருந்த ஆணிகளை இன்னொன்றில் கவிழ்த்துவிட்டு, காலியான பீரிசில் பிஸ்கட் வைத்துக் கொடுத்துவிட்டார். வியாழன் காலை எல்லாவற்றையும் திரும்பப் பூட்டும்போது, குரலைப் படிக்கும் தலைப்பாகத்தை இறுக்குகிற சின்னப் பித்தளை ஆணி மட்டும் இல்லை. வீடு முழுவதும் பெருக்கினோம். பிறகுதான் மாமிக்கு ஞாபகம் வந்தது. "மைனி நேத்து பீரிசிலிருந்து என்னமோ எடுத்து, என்ட தோட்டுத் திருகாணி விழுந்திரிக்கி பாருங்கண்டு சொல்லிக் காதுல பூட்டினாங்களே." நானும் வீரசிங்கமும் ராத்தா வீட்டுக்குப் போய், உங்கள் காதைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு கோப்பை தேநீர் குடித்தோம். கடைசியில் வீரசிங்கம்தான் தலையைக் குனிந்துகொண்டு, "ராத்தா, அது தங்கமில்லைங்க, தலைய இறுக்குற ஆணிங்க" என்றார். அவர் வாழ்க.

ஆணி வந்ததும் வேலை நடந்தது. எல்லாவற்றையும் பூட்டி, மூடியை மட்டும் திறந்தே வைத்து, முதலில் பட்டறி போட்டுப் பார்த்தார், பிறகு கரண்ட். "மெஷின் மொதல்ல ஓடுறப்ப மூணு அடி தள்ளி நிக்கணும் நானா, ஃபெக்டரி சட்டம்" என்றார். குழந்தை உட்பட எல்லோரும் தள்ளி நின்றோம். என்னைப் பிஸ்மி சொல்லச் சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டார். சக்கரம் சுற்றியது. "வீட்டுல பழைய கெசட் ஒண்ணு இருக்கு, அதுல எல்லாப் பொத்தானையும் பாத்துட்டுத்தான் மருமகன் கெசட்டப் போடணும். நான் வாரவரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹம்ஸியா அறை வாசலில் குழந்தையோடு நின்றாள். "வாப்பா, சலாத்த மட்டும் கேட்டுட்டு நிப்பாட்டிருவோமே" என்றாள். எட்டு மாதமாக உங்கள் குரலைக் கேளாத பிள்ளை, நான் எப்படி மறுப்பேன்? போட்டேன். "அஸ்ஸலாமு அலைக்கும் ஹம்ஸியா, சாப்பிட்டியா?" என்றீர்கள். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க மாட்டேன். அதன் பின் நடந்ததை விரித்து எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. வெள்ளிக்கிழமை லெப்பை நீங்கள் சொன்ன பெயரைக் குழந்தைக்கு வைத்து துஆ ஓதினார். மருமகனுக்கு என்ன நல்ல ரசனை என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். பெயரை இங்கே எழுதவில்லை, சொன்னவருக்கே திருப்பிச் சொல்வது அழகில்லை.

உங்கள் உழைப்பில் பரக்கத்தும் உடம்பில் ஆரோக்கியமும் அல்லாஹ் தருவானாக. வெயிலில் தலையை மூடிக்கொள்ளுங்கள். வீரசிங்கமும் ராத்தாவும் சுகம் கேட்டார்கள்.

அன்புள்ள மாமா,
மொஹிதீன்

பின்குறிப்பு: இத்தோடு அதே கெசட்டை அனுப்புகிறேன். நீங்கள் அதைப் போட்டுக் கேட்குமுன் நானே சொல்லிவிடுவது மேல். சலாமுக்குப் பிறகு உங்கள் குரல் மெல்லியதாக இருந்தது. சத்தத்தைக் கூட்டுவதற்குத்தான் சிவப்புப் பொத்தான் என்று நினைத்து, அதையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கியது என் விரல். சிவப்பு விளக்கு எரிந்தது, குரல் நின்றது. மாமனார் முன்னால் பேசக் கூச்சப்படுகிறீர்களாக்கும் என்று மரியாதையாகக் காத்திருந்தோம், காத்திருந்த நேரம் கொஞ்சம் பேசிக்கொண்டும் இருந்தோம். வீரசிங்கம் வரும்போது அந்தப் பக்கம் முழுவதும் ஓடி முடிந்திருந்தது, மறுபக்கத்தில் நீங்கள் ஒன்றும் பேசியிருக்கவில்லை. திருப்பிச் சுற்றிப் போட்டார். உங்கள் குரல் இருந்த இடத்தில் என் இருமல் வந்தது. "மெஷின் நல்லாத்தான் பூட்டியிருக்கு நானா" என்று மட்டும் சொன்னார். பெயருக்கு என்ன செய்வது என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, ஹம்ஸியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் றஷீனாண்டுதான் சொல்லியிருப்பார்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. ஆகையால் மருமகன், நீங்கள் சொன்ன பெயர் றஷீனா. வேறு ஏதாவது சொல்லியிருந்தால், தயவுசெய்து அதை அடுத்த பிள்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கெசட்டை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். என் இருமலும், ராத்தாவின் காதைப் பற்றி மாமி சொல்வதும் முடிந்த பிறகு உங்கள் மகள் அழுகிறாள். நாலு நிமிஷம், விடாமல். வீரசிங்கம் துடைத்த துடைப்பில் ஒரு மூச்சுக்கூடத் தவறாமல் விழுந்திருக்கிறது.