சாமி சொன்ன சந்தவாசல் பஸ்

ஆரணி பஸ் ஸ்டாண்டில், ஒரு தூணடியில், மகான் ஒருவர் அவதரித்திருந்தார். தணிகாசல சாமிகள். மழை வருமா, மாப்பிள்ளை வருவானா என்பதெல்லாம் அவருக்கு அற்ப விஷயம். பஸ் எப்போது வரும் என்று சொல்வார்! அதைவிடப் பெரிய தெய்வ ரகசியம் ஆரணியில் ஏது?

காவிப் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொள்வார். உள்ளே தியானம். போர்வை விலகும். "தேசூர் வண்டி, ஏழு நிமிஷம்!" என்பார். சொன்னபடியே வண்டி புகை கக்கிக்கொண்டு வந்து நிற்கும். பட்டுப்புடவை மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தட்டு நிறையும்.

அங்கே வேலை பார்த்த அன்புச்செல்விக்குத்தான் வயிறு எரிந்தது. அதே தூணின் உச்சியில் அவள் பொறுப்பில் ஒரு மின்பலகை இருந்தது. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு குட்டிப் பெட்டி. வண்டி எங்கே வருகிறது என்று பெட்டி சொல்லும், பலகை நேரம் காட்டும். செல்போனிலும் பார்க்கலாம், இலவசம். காசு வாங்காத ஞானத்தை யார் மதிப்பார்கள்? "மிஷின்ல டைம் பாத்தா வண்டிக்குக் கண்ணு பட்டுரும்" என்று சாமி சொல்லிவிட்டார். மறுநாளே போளூர் வண்டி பஞ்சர். போதாதா? பலகைக்குச் சிவப்புத் துணி போர்த்தி, எலுமிச்சம்பழம் கட்டி, கற்பூரமும் காட்டிவிட்டார்கள்.

டிரைவர்களுக்கும் கொண்டாட்டம். டீக்கடையில் வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்று போட்டுக்கொடுக்கும் பெட்டியை யாருக்குப் பிடிக்கும்?

வெள்ளிக்கிழமை மேலதிகாரி வருவதாகத் தகவல். யாரும் பார்க்காத பலகை என்று கழற்றிக்கொண்டு போனால், அவள் வேலையும் அதோடு போகும். பயந்துதான் போனாள். ஆனால் ஒரு சந்தேகம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. சிக்னல் கிடைக்காத நாளெல்லாம் சாமி மௌன விரதம் இருந்தார். டவருக்கும் விரதத்துக்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளிக்கிழமை காலை சந்தவாசல் பஸ் ரிப்பேராகி ஷெட்டில் நின்றது. அன்புச்செல்வி அங்கே ஓடினாள்.

"அண்ணே, இந்தப் பொட்டிய கழட்டிக்கவா?"

"தாராளமா கழட்டிக்கினு போம்மா," என்றார் டிரைவர் பவுல்துரை. "நிம்மதியா ஒரு டீ குடிக்க முடியல. ஒரே பேஜாரு!"

உள்ளே பேட்டரி இருந்ததால் பெட்டி தனியாகவும் வேலை செய்தது. மார்க்கெட் ரோட்டில் பூம்பூம் மாட்டோடு நின்ற தனக்கோடியிடம் அதைக் கொடுத்தாள்.

"அண்ணே, இத மாட்டுக் கழுத்துல கட்டிக்கினு பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க."

அவள் திரும்பி வந்தபோது அதிகாரி தூணடியில் நின்று எலுமிச்சம்பழத்தை முறைத்துக்கொண்டிருந்தார். அவள் நேரே போய்க் கைகூப்பினாள்.

"சாமி, சந்தவாசல் வண்டி எப்ப வருங்க?"

போர்வை மூடியது. திறந்தது.

"வந்துகினே கீது! நாலு நிமிஷம்! இன்னிக்குக் கூட்டம் கம்மி, ஜன்னல் சீட்டு நிச்சயம்!"

சந்தவாசல் கூட்டம் துண்டும் கையுமாகத் தயாரானது. ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம்பிடிப்பதுதானே ஊர் வழக்கம்? நாலு நிமிஷம் ஆனது. சலங்கை குலுங்க, கொம்பில் பட்டுத்துணி பறக்க, பூம்பூம் மாடு உள்ளே நுழைந்தது. அவசரத்தில் முந்தி ஓடிய ஒருவர் அதன் முதுகிலேயே துண்டைப் போட்டுவிட்டார்!

"இன்னா சாமி, இதுல ஜன்னல் எங்க கீது?" என்றாள் பூக்காரம்மா முனியம்மாள்.

"இது... தெய்வ சோதனை..." சாமி மறுபடி போர்வைக்குள் புகப் பார்த்தார். அன்புச்செல்வி போர்வையை உருவினாள். மடியில் செல்போன். அது இனிமையான பெண்குரலில் அறிவித்தது: "சந்தவாசல் பேருந்து, ஆரணி நிலையத்துக்கு வந்துவிட்டது."

பஸ் ஸ்டாண்டே குலுங்கிச் சிரித்தது. மாட்டின் கழுத்தில் மினுக்கிய பெட்டியை அன்புச்செல்வி காட்டினாள். "சந்தவாசல் வண்டிப் பொட்டி சார். நாந்தான் கட்டச் சொன்னேன்."

அதிகாரி சிரித்துக்கொண்டே சிவப்புத் துணியை இழுத்துப் போட்டார். பலகையும் பாவம், 'சந்தவாசல் வந்துவிட்டது' என்றே காட்டியது. அதுவும் ஏமாந்ததுதான். ஆனால் தட்சணை கேட்கவில்லை.

"பலகை இங்கியே இருக்கட்டும்மா. நீயும்தான்," என்றார் அதிகாரி. சாமி ஜல்தியாகக் கிளம்பிய ஏதோ ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். அது எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது.

அப்போதுதான் துண்டு போட்டவர் மாட்டின் முன்னால் கற்பூரம் ஏற்றினார். "கரெக்டா நாலு நிமிஷத்துல வந்துச்சே! இதுங்கிட்ட ஏதோ சக்தி கீது!"

மாடு ஆமென்று தலையாட்டியது.

அன்புச்செல்வி கற்பூரத்தை ஊதி அணைத்தாள். "மாடு தலையாட்டினா அதுக்குத் தீனி கெடைக்குதுங்க. இத்தினி நாளா நீங்க ஆட்டினீங்களே, உங்களுக்கு இன்னா கெடைச்சுது?"