சங்கிலி போட்டுவிட்ட அத்தைக்கு

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் முன்னாள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? விவாகரத்துக்குப் பிறகும் உங்களை அத்தை என்று கூப்பிடலாமா என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். தீர்ப்பில் அதற்குத் தடை ஏதும் இல்லையாம்.

உங்கள் மகன் சொல்லியிருக்க மாட்டார், நானே சொல்கிறேன். ஜீவனாம்சம் கிடைத்துவிட்டது. பரிசோதனைக்கூட வேலைக்கு நான் மறுபடி பயிற்சி எடுத்துச் சொந்தக் காலில் நிற்கும்வரை அவர் மாதாமாதம் கொடுக்க வேண்டுமாம். இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான்.

விசாரணை நடந்த அன்றைக்கு எனக்கு விடிந்ததே சரியில்லை. வாழ வழியில்லாதவள் மாதிரி வரச் சொல்லியிருந்தார் வக்கீலம்மா. அதற்கென்று தேடிப் பிடித்த வெளுத்த புடவையில் ஒரு கிழிசல், அதற்கு ஊக்கு குத்தினால் பேருந்து குலுங்கும்போதெல்லாம் ஊக்கு என்னைக் குத்தியது, நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தால் வக்கீலம்மாவுக்குத் தொண்டை கட்டி, வாயைத் திறந்தால் வெறும் காற்று. நான் படித்தவள், வேலை தெரிந்தவள், நானாக வேலையை விட்டவள், அதனால் ஜீவனாம்சத்துக்குத் தகுதியில்லாதவள் என்று சாட்சி சொல்ல உங்களை அழைத்து வந்திருக்கிறார்கள் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாடகைக்கே அக்காவிடம் கையேந்திக்கொண்டிருந்த நேரம் அத்தை. இது கிடைக்காவிட்டால் பயிற்சியும் இல்லை, வீடும் இல்லை.

நடைக்கூடத்தில் என்னைப் பார்த்தீர்கள். "என்னடி கோலம் இது? வெறுங்கழுத்தோட வந்து நிக்கற! எங்க மானத்த வாங்கணும்னே கிளம்பி வந்தியா?" என்று திட்டிக்கொண்டே உங்கள் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டீர்கள். வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

உங்கள் மகனின் வக்கீல் சும்மா இருப்பாரா? நீதிபதியம்மாவிடம், "பாருங்கம்மா, சாப்பாட்டுக்கே வழியில்லங்கறவங்க கழுத்துல எவ்வளவு கனமான சங்கிலி!" என்றார். என் வக்கீலம்மா எழுந்து காற்றாகப் பேசினார். அப்போதுதான் சாட்சிக் கூண்டிலிருந்து உங்கள் குரல் கேட்டது.

"அது என் சங்கிலி. வெறுங்கழுத்தோட நின்னா, எம்பையன் இவள நடுத்தெருவுல விட்டுட்டான்னு பேச மாட்டாங்களா?"

"விட்டுட்டாரா?" என்று கேட்டார் நீதிபதியம்மா.

உங்கள் மகன் இருமினார், ஜாடை காட்டினார். "தண்ணி குடிடா" என்றீர்கள் அவரிடம். பிறகு மெதுவாக, "விட்டுட்டான்தான்" என்றீர்கள்.

"வேலைய அவங்களா விட்டாங்களா?"

"யாரு சொன்னா? நான்தான் விடச் சொன்னேன். எங்க மூக்குக்கண்ணாடிக் கடைய யாரு பார்த்துக்கறது? கண்ணுக்கு அளவெடுக்கறதுல இருந்து கல்லா வரைக்கும் இவதான்!"

"கடை நஷ்டத்துல ஓடுதுன்னு உங்க பையன் சொல்றாரே?"

"எங்க கடையா? நஷ்டமா? ரெண்டாவது கடைக்கு அலமாரியே வந்து இறங்கியாச்சு!"

உங்கள் மகனின் வக்கீல் வழக்குக் கோப்பை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கடையைப் பற்றி நீங்கள் பெருமைக்குச் சொன்னீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் "விட்டுட்டான்தான்" என்றபோது உங்கள் குரல் உடைந்ததே, அது பெருமைக்குச் சொன்னதல்ல. உங்கள் வீட்டில் இருந்த காலமெல்லாம், என் பக்கம் ஒரு வார்த்தை பேச மாட்டீர்களா என்று ஏங்கியிருக்கிறேன். அன்று கேட்டேன். உயிருள்ளவரை மறக்க மாட்டேன்.

கோபிக்காதீர்கள், இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தனியாக இருப்பது பரம சுகம். உப்பு டப்பா நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் போடும் டீயைத் தண்ணீர் என்று சொல்ல ஆளில்லை. உங்கள்மேல் எனக்கு மலையளவு அன்பு அத்தை. அது இப்படியே இரண்டு பேருந்து தூரத்தில் இருந்தால் இன்னும் வளரும். அன்று நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டதால் என்னிடமே தங்கிவிட்ட சங்கிலியை அக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் முழங்கால் வலி தீரவும், உங்கள் மகன் தேதி தவறாமல் பணம் கட்டவும் ஆண்டவனை வேண்டிக்கொள்ளும்,

என்றும் நன்றி மறவாத
முன்னாள் மருமகள்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது அழைப்புமணி அடித்தது. கையில் பெட்டியோடு நீங்கள். "உண்மையச் சொன்னதுக்கு அவன் எங்கிட்ட பேச மாட்டேங்கறான். பேசாதவன் வீட்ல எனக்கென்னடி வேல?" என்றபடி உள்ளே வந்துவிட்டீர்கள். சங்கிலியைக் கொடுத்தால், "கழுத்துலயே கெடக்கட்டும்" என்கிறீர்கள். ஆகவே இதைத் தபாலில் போடாமல் உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். 'கோபிக்காதீர்கள்' என்று தொடங்கும் பத்தியை மட்டும் படிக்க வேண்டாம். உப்பு டப்பாவை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.